எழுத்துகளைப் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் தந்தியில் அனுப்பும் மோர்ஸ் குறியீட்டில் ஆங்கில 'இ' (E) எழுத்துக்கு ஏன் ஒரே ஒரு புள்ளி?

ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் எழுத்து அதுதான் என்பதே காரணம். அடிக்கடி வருவதற்குக் குறுகிய குறி, அரிதானதற்கு நீண்ட குறி என்னும் முறையை மோர்ஸும் அவருடைய கூட்டாளி ஆல்ஃபிரட் வெயிலும் கைக்கொண்டனர். அதற்காக அச்சகத்து ஈய எழுத்துகளை எண்ணிப் பார்த்ததாகவும் சொல்வார்கள்.

இன்றைய பன்னாட்டுக் குறியீட்டில் புள்ளியே கால அலகு. கோட்டுக்கு 3 அலகு, எழுத்துக்குள் விடும் இடைவெளிக்கு 1, எழுத்துகளுக்கிடையே 3, சொற்களுக்கிடையே 7. ஆகவே 'இ' ஒரே அலகில் முடிந்துவிட, கோடு, கோடு, புள்ளி, கோடு என்று அமைந்த 'கியூ' 13 அலகுகளை விழுங்குகிறது.

இந்தச் சிக்கனம் எல்லா இடத்திலும் செல்லுபடியாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடிக்கடி வரும் 'ஓ'வுக்கு மூன்று கோடுகள், அதாவது 11 அலகுகள். பழைய அமெரிக்கக் குறியீட்டில் அது நடுவே சற்று இடம் விட்ட இரண்டே புள்ளிகள்; தந்தி அடிப்பவரின் கை அந்த இடைவெளியைச் சற்றே குறுக்கினாலும் மறுமுனையில் இருப்பவர் அதை, இடம் விடாத இரண்டு புள்ளிகளான 'ஐ' (I) என்று எழுதிவிடக்கூடும். 1865-இல் பாரிஸ் தந்தி மாநாடு ஏற்றுக்கொண்ட பன்னாட்டுக் குறியீட்டில் இத்தகைய உள் இடைவெளிகள் கிடையா.