எஃகு உருகாத தீயில் இரட்டைக் கோபுரங்கள் எப்படி விழுந்தன?

ஒரு சம்பவத்தை யாரோ மறைவில் இருந்து நடத்தினார்கள் என்று ஆதாரமில்லாமல் நம்புவதுதான் சதிக் கோட்பாடு. 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட விமானங்கள் மோதி நியூயார்க்கின் உலக வர்த்தக மைய இரட்டைக் கோபுரங்கள் விழுந்தது பற்றி அதிகம் சுற்றுவது இது: "விமான எரிபொருள் தீயில் எஃகு உருகாது, அதனால் உள்ளே குண்டு வைத்திருக்க வேண்டும்."

முதல் பாதி சரி. எஃகு உருக ஏறக்குறைய 1500 டிகிரி செல்சியஸ் வேண்டும். அங்கே எரிந்த தீ உச்சத்தில் 1000 டிகிரியை ஒட்டியதுதான். ஆனால் கட்டடம் விழ எஃகு உருகவே வேண்டாம். 600 டிகிரியிலேயே அதன் வலு பாதியாகிவிடும். கொல்லன் பட்டறையில் பாருங்கள்: பழுத்த இரும்பு உருகி ஓடுவதில்லை, நாலு அடியில் வளைந்து கொடுக்கிறது. அப்படித்தான் அங்கே தளங்கள் தொய்ந்து, வெளித்தூண்களை உள்ளே இழுத்தன. விழுவதற்குச் சில நிமிடங்கள் முன்பே அந்த வளைவு படங்களில் தெரிகிறது.

குண்டு இல்லை, மோதலும் தீயும்தான் காரணம் என்பதற்கு எனக்குப் பெரிய சான்றாகப் படுவது இன்னொன்று. தெற்குக் கோபுரம் இரண்டாவதாகத் தாக்கப்பட்டும் முதலில் விழுந்தது. விமானம் அதில் இன்னும் கீழே மோதியதால், பலவீனமான தூண்கள் மேல் கூடுதல் பாரம். இரண்டுமே மோதிய இடத்திலிருந்துதான் சரியத் தொடங்கின.

"அதே வளாகத்தில் அன்றே விழுந்த ஏழாவது கட்டடத்தில் விமானமே மோதவில்லையே?" மோதவில்லைதான், வடக்குக் கோபுரத்தின் இடிபாடு விழுந்து பற்றிய தீ, அணைக்கத் தண்ணீர் இல்லாமல் சுமார் ஏழு மணி நேரம் எரிந்து அதையும் வீழ்த்தியது.