டீ உலகம் முழுக்க எப்படிப் பரவியது? நாம் 'டீ' என்பதை மலையாளிகள் 'சாயா' என்பது ஏன்?

எங்கள் வீட்டில் மூன்றாவதாக ஒரு பெயரும் இருந்தது: தேத்தண்ணி. ஆயா, என் பாட்டி, அப்படித்தான் சொல்லும். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்துவிட்டுக் கடலூருக்கு வந்து சேர்ந்த ஆயா.

தேயிலை சீனாவின் தென்மேற்கு மலைப்பக்கத்துச் செடி. சீனர்கள் அதை எழுதுவது ஒரே எழுத்தில்தான். பெரும்பாலான இடங்களில் 'ச்சா' என்று படிப்பார்கள்; ஃபூஜியன் மாகாணத்தின் தென்கரையில் 'தே'. தரைவழியே போன தேயிலையோடு 'ச்சா' போனது. பாரசீகம், ரஷ்யா, துருக்கி, நம் வடக்கில் 'சாய்' எல்லாம் அந்த வழி. சீனாவின் மக்காவ் துறைமுகத்தில் சரக்கேற்றிய போர்ச்சுகீசியரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். மலையாளிகளின் 'சாயா'வும் இந்த 'ச்சா'வின் வழிதான். டச்சுக்காரர்கள் கற்றது ஃபூஜியன் வியாபாரிகளின் பேச்சை. 1610 வாக்கில் அவர்கள் ஐரோப்பாவுக்கு ஏற்றிப்போனதிலிருந்துதான் பிரெஞ்சில் 'தே', ஆங்கிலத்தில் 'டீ'. அதே காலத்தில் எங்கள் கடலூர்த் தேவனாம்பட்டினத்திலும் அவர்கள் வியாபாரத்துக்கு வந்து இறங்கியிருந்தார்கள்.

அங்கேயே, கெடிலம் ஆற்றங்கரையில் இருந்த கோட்டையை 1690இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர். பிற்பாடு தேயிலையில் கொழுத்தது இந்தக் கம்பெனிதான். 1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டிய 342 பெட்டியும் இதன் சரக்கு. சீனாவுக்குக் கொடுக்க வெள்ளி கட்டுப்படியாகாமல், நம் கங்கைச் சமவெளியில் அபினி விளைவித்து, வியாபாரிகள் மூலம் சீனாவுக்குள் கடத்தவிட்டு, அந்தப் பணத்தில் தேயிலை வாங்கினார்கள். 1839இல் அது போராக வெடித்தது. இதையெல்லாம் விட்டுவிட்டு, சீன ராஜாவின் வெந்நீரில் இலை பறந்து விழுந்துதான் டீ பிறந்தது என்ற கதையை மட்டும் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

சீனாவை நம்பியிருக்க வேண்டாம் என்றுதான் அஸ்ஸாமில் பயிரிட்டார்கள். நீலகிரியிலும் 1830களில் கேத்தியில் நட்டுப் பார்த்துக் கைவிட்டார்கள். கவனிப்பாரற்றுக் கிடந்த அந்தச் செடிகளைத் தேற்றியவர் பெரோத்தே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர். புதுச்சேரி தாவரவியல் பூங்காவை வளர்த்தவரும் அவரே. அடுத்த முறை அந்தப் பூங்காவுக்குப் போனால் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். கொஞ்ச நாளில் இலைத்துரு நோய் வந்து காப்பித் தோட்டங்களை அழிக்க, மலை மலையாகத் தேயிலை ஏறியது. நட்டதும் பறித்ததும் கங்காணிகள் நம் ஊர்களிலிருந்து கூட்டிப்போன சனங்கள். 1948இல் இலங்கை அரசு அவர்களுடைய குடியுரிமையைப் பறித்தது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. ஆயாவை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை.

கடைசிவரை ஆயா பால் ஊற்றிக் குடித்ததில்லை. வெறும் சாயம்தான். இடது உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. அதை நாக்கால் ஒரு தொடு, பிறகு ஒரு மடக்கு. மஞ்சக்குப்பம் கடையில் டீ வாங்கிக் கொடுத்தால் என்னிடமே திருப்பி நீட்டும்.

"பால ஊத்திட்டா எல வாசம் எங்கடா தெரியும்?"