நமக்கு ஏது குளிர்காலம்?

வாசகர் கடிதம்:

அண்ணா, வணக்கம். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து லாபிஸ் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான், இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறோம். டிசம்பர் வந்தால் போதும், 'குளிர்கால விடுமுறையில் உடலையும் மனதையும் காப்பது எப்படி' என்று யாராவது வாட்சப்பில் அனுப்பிவிடுகிறார்கள். கணப்புப் பக்கத்தில் உட்காருங்கள், பனியில் வழுக்காத காலணி போடுங்கள் என்றெல்லாம் படித்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். இந்த வருடம் சிரிக்க முடியவில்லை. மகள் கிளாஸ்கோவில் படிக்கிறாள். நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறதாம், படுக்கையை விட்டு எழவே பிடிக்கவில்லை என்கிறாள். இங்கே தீபாவளிப் பலகாரத்தில் ஆரம்பித்து கிறிஸ்துமஸ் கேக் வரை போய், வீட்டுக்காரருக்கு இரத்தத்தில் இனிப்பு 14 மில்லிமோல் காட்டுகிறது. மகன் குடும்பம் சிங்கப்பூரிலிருந்து வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனது. அதிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை, மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். குளிர்காலமே இல்லாத நமக்கு இந்த ஆலோசனையெல்லாம் பொருந்துமா? பெயர் போட வேண்டாம்.

பதில்:

தங்கச்சி, அந்தச் சிரிப்பு எனக்கும் வரும். ஆனால் எங்கள் குளுவாங்கில் எதிர்வீட்டுச் சீனப் பாட்டி ஒவ்வொரு டிசம்பர் 21, 22 வாக்கிலும் இஞ்சிப் பாகில் மாவுருண்டை மிதக்க ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுப்பார் (நம் பால் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி இருக்கும்). தோங் ஜி, அவர்களுடைய குளிர்காலப் பண்டிகை. பனி விழுந்தே பார்க்காத ஊரில் மூன்று தலைமுறையாக அதைக் கொண்டாடிக்கொண்டிருக்கிறார்கள். நாம் மட்டும் என்ன, மார்கழிப் பனி என்று சொல்லிக்கொண்டு விடிவதற்கு முன்னால் எழுந்து கோவிலுக்குப் போகிறவர்கள்தானே. ஆக நம்மிடமும் ஒரு குளிர்காலம் இருக்கிறது, ஊரிலிருந்து மூட்டையோடு மூட்டையாக வந்தது.

முதலில் மகள். அவள் சோம்பேறித்தனமாகச் சொல்லவில்லை, அதை மட்டும் நம்புங்கள். கிளாஸ்கோவில் டிசம்பர் கடைசியில் பகல் ஏழு மணி நேரம்தான், விடியவே எட்டே முக்கால் ஆகும். நம் குளுவாங்கில் வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட கால் மணி நேரம், அவ்வளவுதான். அந்த வெளிச்சத்திலேயே இருபது வருடம் வளர்ந்த உடம்பைக் கொண்டுபோய் அங்கே வைத்தால் அது திண்டாடாமல் என்ன செய்யும். இந்தக் குளிர்கால மனச்சோர்வை 1984இல் விவரித்துப் பெயரும் கொடுத்தவர் நார்மன் ரோசென்தால் என்ற மருத்துவர். அவரும் வெயில் ஊரான ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நியூயார்க் போய், முதல் குளிர்காலத்திலேயே தனக்கு அது வந்ததைக் கவனித்தவர். அவளிடம் இதைச் சொல்லுங்கள், கொஞ்சம் தெம்பாக இருக்கும். காலையில் வெளிச்சம் வந்ததும் வெளியே போகச் சொல்லுங்கள், மேகமாக இருந்தாலும் அறைக்குள் எரியும் விளக்கைவிட அது பல மடங்கு. 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்குப் பெட்டி என்று ஒன்று விற்கிறது, காலையில் அரை மணி நேரம் அதன் முன்னால் உட்காருவார்கள். கண்ணில் ஏதாவது பிரச்சினை இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். வைட்டமின் டி ஒரு நாளைக்கு 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளச் சொல்லி அந்த நாட்டு அரசாங்கமே சொல்கிறது, நம் தோல் நிறத்துக்கு அது இன்னும் அவசியம். இரண்டு வாரத்துக்கு மேலும் எழ முடியவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை என்றால் பல்கலைக்கழகத்து ஆலோசகரையோ டாக்டரையோ பார்த்தே ஆக வேண்டும். 'ஊருக்கு வந்தால் சரியாகிவிடும்' என்று மட்டும் ஒத்திப்போட விடாதீர்கள்.

இனி நம் கதை. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை, ஜொகூரில் அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, 2006 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் சிகாமட், குளுவாங், கோத்தா திங்கி எல்லாம் மூழ்கியதைப் பார்த்தவர்கள் நாம். போதாததற்கு 1982 ஜனவரி 1இல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். இந்த மாதத்தில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் வரும், மழை மூட்டம் இருந்தால் ஏழரைக்கும் மங்கல்தான். நம் காலையும் கொஞ்சம் கிளாஸ்கோதான் போங்கள்.

எங்கள் அப்பா பால்மரம் (ரப்பர்) சீவியவர். ராத்திரி மூணு மணிக்கு மழை பிடித்தால் எழுந்து உட்கார்ந்து தகரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டில் ஓடாமல் மரமெல்லாம் வழிந்துவிடும், பால் பிடிக்கும் மங்கில் மழைத்தண்ணிதான் மிஞ்சும், அன்றைக்கு வேலை கிடையாது. ஆனாலும் அஞ்சு மணிக்கு முகம் மழித்து, சட்டை மாட்டி, பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) போய்ப் பேர் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவார். வந்து வாசலில் குந்தி, சீவும் கத்தியை எடுத்துக் கல்லில் தீட்டுவார். ஏற்கெனவே கூராக இருக்கும் கத்தி. 'எதுக்குப்பா?' என்று கேட்டால், 'சும்மா இருந்தா கையி மறந்துரும்' என்பார். அதே லயத்து வரிசை வீடுகளில் மழை நாளில் பத்து மணி வரை படுத்திருந்தவர்களும் உண்டு. மத்தியானம் அவர்கள் கள்ளுக்கடையில் இருப்பார்கள், சாயங்காலம் வீட்டில் சண்டை கேட்கும்.

அப்பாவின் மகனாகிய நான் என்ன செய்தேன் தெரியுமா? வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதல் டிசம்பரில், மழை, எங்கே போவது என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். முதல் வாரம் சொகுசுதான். மூன்றாவது வாரம் மகன் சொல்லாமல் வந்து கதவைத் தட்டியபோது மணி பன்னிரண்டு, நான் கைலியோடு நாற்காலியில், பக்கத்தில் அன்னாசி டார்ட் டப்பா காலியாக. 'அப்பா, குளிச்சீங்களா?' என்றான். யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அதனால் உங்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான். பெரட்டு வையுங்கள். எழும் நேரம் மாறக் கூடாது, குளித்து உடுத்தி வெளியே ஒரு இடத்துக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வர வேண்டும், வேலை இருக்கிறதோ இல்லையோ. பொங்கல் வரை மார்கழி இருக்கிறது, பக்கத்துக் கோவிலில் பஜனை நடந்தால் போங்கள். எனக்குப் பக்தி அவ்வளவு கிடையாது, நான் போவது வேறு காரணத்துக்கு. இரண்டு நாள் வராவிட்டால் 'என்ன, உடம்புக்கு முடியலையா?' என்று கேட்க அங்கே ஆள் இருக்கிறது. நடக்க இடமில்லை, மழை என்று வீட்டுக்காரர் சொன்னால் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், காக்கி லீமா (கடை முன்னால் கூரை போட்ட நடைபாதை) எதற்கு இருக்கிறது. நான் கடை வரிசை ஓரமாகவே நனையாமல் அரை மணி நேரம் நடந்து, பிறகு இரயில் நிலையத்துக் காப்பிக் கடையில் (1938லிருந்து இருக்கிற கடை) கோப்பி ஓ கோசோங் (பால், சீனி இல்லாத காப்பி) குடித்துவிட்டு வருவேன். காயா (தேங்காய்ப்பால் ஜாம்) தடவிய ரொட்டி பக்கம் பார்ப்பதில்லை. சரி, மாதம் ஒரு தடவை பார்ப்பேன்.

அவருடைய 14 விளையாட்டில்லை. பாகற்காய்ச் சாறு, யாரோ சொன்ன வேர் என்று ஆரம்பிக்காமல் நாளைக்கே கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார நிலையம்) அழைத்துப் போங்கள், ஒரு ரிங்கிட்தான். மாத்திரையை அவராக நிறுத்தியிருக்கிறாரா என்று ரகசியமாக எண்ணிப் பாருங்கள், விருந்தாளி இருக்கும்போது நம் ஆட்கள் அதைத்தான் முதலில் மறப்பார்கள். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்புநீர் என்றால், இந்தியர்களில் மட்டும் 31.4. அதில் தே தாரேக்குக்கு (கட்டிப்பால் போட்டு ஆற்றிய தேநீர்) பெரிய பங்கு உண்டு என்பது என் சொந்த அபிப்பிராயம். சாப்பிட்டதும் உட்காராமல் பத்துப் பதினைந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்தாலும் இனிப்பு ஏறுவது குறையும். அப்புறம் கால். மழைத் தண்ணீரில் சிலிப்பரோடு இறங்க விடாதீர்கள், எலிக்காய்ச்சல் ஒரு பக்கம், இனிப்புக்காரருக்குக் காலில் கீறல் விழுந்தால் லேசில் ஆறாது என்பது ஒரு பக்கம். ராத்திரி படுக்கும் முன் விரலிடுக்கைத் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

பேரப்பிள்ளைகள் போன பிறகு வரும் வெறுமைக்கு என்னிடம் மருந்து இல்லை. அவர்கள் விட்டுப்போன சின்னச் செருப்பு கதவோரம் கிடந்தால் நான் எடுத்து வைக்கவே மாட்டேன். ஆனால் அது வாரக்கணக்கில் போய், தூக்கம் கெட்டு, 'இருந்து என்ன பயன்' என்ற நினைப்பு வந்தால் யாரிடமாவது வாய் விட்டுச் சொல்ல வேண்டும். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண் அதற்காகவே இருக்கிறது. போலீஸ் கேஸ் ஆகுமோ என்று முன்பு பயந்தார்கள், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை 2023இல் எடுத்துவிட்டார்கள்.

கடைசியாக ஒன்று, இது எனக்கு உங்கள் கடிதத்தைப் படிக்கும்போதே தோன்றியது. இப்போது நமக்கும் அவளுக்கும் எட்டு மணி நேர வித்தியாசம். இங்கே சாயங்காலம் அஞ்சு மணி என்றால் அங்கே காலை ஒன்பது, அப்போதுதான் வெளிச்சம் வந்திருக்கும். ராத்திரியில் இரண்டு பேரும் படுத்துக்கொண்டு பேசுவதை விட்டுவிட்டு அந்த அஞ்சு மணிக்குக் கூப்பிடுங்கள், அவள் கோட்டை மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கட்டும், நீங்கள் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு காக்கி லீமாவில் நடங்கள். அவர் ரொட்டிக் கடைப் பக்கம் திரும்பினால் போனை அவரிடம் கொடுத்துவிடுங்கள், மகளே கேட்டுக்கொள்வாள்.