கூட்டத்தில் நின்றும் யாரும் பேசவில்லையா?

நமக்குப் பதிலாக ஓர் உருவம் நடமாடும் இணையக் கற்பனை உலகமான செகண்ட் லைஃபில் இரண்டு இரவு கூட்டத்தின் நடுவே நின்றும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். குறை உங்களுடையது அல்ல. அங்கே சாதாரணமாகத் தட்டச்சு செய்வது 20 மீட்டருக்குள் நிற்பவர்களுக்கு மட்டுமே எட்டும். கிட்டப் போய் வணக்கம் சொல்லுங்கள். தலை தொங்கி நிற்கும் உருவங்களை விட்டுவிடுங்கள். உரியவர் கணினியை விட்டு எழுந்து போயிருப்பார். அப்படி ஒன்றிடம் நான் கால் மணி நேரம் பேசியிருக்கிறேன்!

நம் காரைக்குடியில் முகப்பில் யாராவது உட்கார்ந்திருந்தால்தானே வந்தவருக்கு ‘வாங்க’ கிடைக்கும்? ஆளில்லாவிட்டால் ஆயிரம் சன்னல் இருந்தென்ன? ஆகவே பளபளக்கும் நடன அரங்குகளை விடுங்கள். செகண்ட் லைஃபுக்குள்ளேயே வீடு கட்டச் சொல்லித்தரும் சிறிய வகுப்பு ஒன்றில் சேர்ந்து, “இந்தக் கதவு ஏன் திறக்கவில்லை?” என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். நான்கு பேர் ஓடி வருவார்கள்.