பைத்தானில் பேரண்ட் கிளாஸ் மெத்தடுக்குப் போட்ட டெகரேட்டர், சைல்டில் ஓவர்ரைடு செய்த பிறகும் வேலை செய்யுமா?

செய்யாது. (டெகரேட்டர் என்பது ஒரு ஃபங்ஷனைச் சுற்றிக் கூடுதல் வேலை சேர்க்கும் உறை; ஓவர்ரைடு என்பது பேரண்டின் மெத்தடை அதே பெயரில் சைல்டில் மறுபடி எழுதுவது.) நீங்கள் கோட் எதையும் போடவில்லை, ஆனாலும் பேரண்டில் இருந்த ஏதோ ஒரு செக் சைல்டில் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அதில் விழுந்தவன்தான்.

ஒரு பில்லிங் சாஃப்ட்வேர். பில் கிளாஸின் கேன்சல் மெத்தடுக்கு மேல், மேனேஜர் பாஸ்வேர்டு கேட்கும் டெகரேட்டர் இருந்தது. கடன் பில்லுக்கு சைல்டு கிளாஸ் எழுதும்போது வாடிக்கையாளரின் பாக்கியையும் குறைக்க வேண்டுமே என்று அதே பெயரில் கேன்சலை மறுபடி எழுதினேன், மொத்தமே நாலு வரி. எரர் எதுவும் வரவில்லை. டெஸ்ட் எல்லாம் பாஸ், ஏனென்றால் டெஸ்ட் ஓடியதே மேனேஜர் லாகினில். இரண்டு வாரம் கழித்துக் கடையின் கணக்கர் போன் செய்தார்: "தம்பி, பதினாலு கடன் பில்லு கேன்சல் ஆயிருக்கு, ஒண்ணுக்குக்கூட பாஸ்வேர்டு கேக்கலையாமே?"

விஷயம் இவ்வளவுதான்: டெகரேட்டர் ஒட்டுவது அந்த ஒரு ஃபங்ஷனில், பெயரில் அல்ல. சைல்டில் அதே பெயர் கிடைத்ததும் பைத்தான் மேலே போய்த் தேடாது. சரி, சைல்டுக்குள்ளிருந்து பேரண்டின் மெத்தடைக் கூப்பிடும் சூப்பரைப் போட்டால் போதாதா என்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் சரிசெய்தேன், அதுவும் கடைசி வரியில். பாக்கி குறைந்த பிறகுதான் பாஸ்வேர்டே கேட்டது! கடைசியில் கேன்சலை பேரண்டிலேயே டெகரேட்டரோடு விட்டுவிட்டு, அது உள்ளே கூப்பிடும் இன்னொரு சின்ன மெத்தடை மட்டும் சைல்டில் மாற்றினேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

ப்ராப்பர்ட்டியிலும் (வெளியே சாதாரண ஆட்ரிபியூட் போலத் தெரிந்தாலும் உள்ளே மெத்தடை ஓட்டுவது) இதே கதைதான். மதிப்பைப் படிக்கும் கெட்டரை மட்டும் சைல்டில் புதிதாக எழுதினால், மதிப்பை வைக்கும் பேரண்டின் செட்டர் போய்விடும். அங்கேயாவது மதிப்பு வைக்கப் போகும்போது ஆட்ரிபியூட் எரர் வந்து கத்தும்.

பைத்தான் 3.6-இலிருந்து, சைல்டு கிளாஸ் உருவாகும்போதே பேரண்டில் தானாக ஓடும் இனிட் சப்கிளாஸ் இருக்கிறதே, அதை வைத்து சைல்டுகளுக்குத் தானாகவே டெகரேட்டரைச் சுற்றிவிடலாமே என்று கமெண்டில் வருபவர்களுக்கு: தெரியும் ஐயா. மூன்று பேர் டீமில் அதை யார் படித்துப் புரிந்துகொள்வது?

பத்து வருட அனுபவம் என்று போட்டாலும் இண்டர்வியூவில் இன்னும் நாய் குரைக்கும், பூனை கத்தும் உதாரணம்தான் கேட்கிறார்கள், இதை ஒருவரும் கேட்டதில்லை. அந்த நாலு வரியைக் கோட் ரிவ்யூவில் பார்த்துக் கட்டைவிரல் காட்டி அனுப்பியவருக்கு அந்த வருடம் ப்ரமோஷன், எனக்கு அப்ரைசலில் "கவனம் தேவை".