வார லோனும் நித்திரையில்லாத இரவும்

தங்கச்சி, மூன்று இடத்தில் எடுத்த, வாராவாரம் கட்டுகிற லோன், வெள்ளத்தில் போன நெல், வாசலில் லோன் காசு கேட்டு வருகிறவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கிளிநொச்சியில் நானும் அப்படி அறைக்குள் ஒளிந்திருந்தவள்தான்.

பழையதைக் கட்ட நாலாவது லோன் மட்டும் எடுக்காதீர்கள். நான் எடுத்தேன், அதுதான் என்னை முறித்தது. யாருக்கு எவ்வளவு, எத்தனை தவணை மிச்சம், வட்டி எத்தனை வீதம் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பதிவுபெற்ற நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு, அதாவது இந்த மாதிரிச் சின்ன லோனுக்கு, 2018இல் ஆண்டுக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். உங்கள் வட்டி அதைவிடக் கூட வந்தால் விளக்கம் கேளுங்கள். அப்புறம் வீட்டுக்காரரோடு கிளைக்கே போய், தவணையைக் குறைத்து அடுத்த அறுவடை வரை நீட்டித் தரும்படி எழுத்தில் கொடுங்கள், ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். உங்களோடு சேர்ந்து லோன் எடுத்த குழுவில் இருக்கிற பெண்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் கட்டாவிட்டால் அது அவர்கள் தலையில்தான் விழும், ஒளித்தால் கோபம்தான் வரும்.

நெல் அழிவைக் கமநல சேவை நிலையத்தில் பதிந்தீர்களா? இல்லையென்றால் நாளைக்கே போங்கள்.

‘இருந்து என்ன’ என்று கடைசியில் எழுதிய வரிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. தமிழில் பேசலாம். இன்றைக்கு இரவே எடுங்கள்.