பழைய டெஸ்க்டாப்பின் திரை அவ்வப்போது மஞ்சளாகிறது, சில காலைகளில் ஒன்றுமே தெரிவதில்லை. மானிட்டரை மாற்ற வேண்டுமா, கிராபிக்ஸ் கார்டையா?

கணினி வாங்கிப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது, 18.5 அங்குல மானிட்டர் விஜிஏ கேபிளில் (படத்தைக் கணினியிலிருந்து மானிட்டருக்குக் கொண்டுசெல்லும் பழைய வகைக் கேபிள்) இணைக்கப்பட்டிருக்கிறது, வேலை செய்துகொண்டிருக்கும்போதே திரை மஞ்சளாகிப் பிறகு தானாகச் சரியாகிறது, சில நாள் காலையில் போட்டால் மின்விசிறி ஓடுகிறதே தவிரத் திரையில் ஒன்றும் வருவதில்லை, கடையில் மானிட்டர், திரைக்கான படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டு இரண்டையுமே மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள் என்பதே என் பதில். நீங்கள் சொல்பவை ஒரே கோளாறின் அறிகுறிகள் அல்ல, இரண்டு தனித்தனிக் கோளாறுகள் என்றே தோன்றுகிறது. கோளாறு கேபிளுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை வீட்டிலேயே, செலவில்லாமல், உறுதிசெய்துகொள்ள முடியும். அது தெரியாமல் வாங்கும் பொருள் எதுவானாலும் அது ஊகத்தின் பேரில் வாங்கியதாகவே இருக்கும்.

அடுத்த முறை திரை மஞ்சளாகும்போது மானிட்டரின் மெனு பொத்தானை அழுத்துங்கள். வெளிச்சம், நிறம் முதலியவற்றைக் கூட்டிக் குறைக்கும் அந்தச் சிறிய பெட்டி கணினியிலிருந்து வருவதில்லை. மானிட்டரே தனக்குள் உருவாக்கிக் காட்டுவது. பின்னணி மஞ்சளாக இருக்க, பெட்டியின் வெள்ளை எழுத்து வெள்ளையாகவே தெரிந்தால் திரையும் அதன் விளக்கும் நன்றாகவே இருக்கின்றன என்று பொருள். கோளாறு கேபிளிலோ, கேபிள் செருகும் இடத்திலோ, கணினியிலோ இருக்கிறது. பெட்டியும் சேர்ந்து மஞ்சளானால் மானிட்டரின் உட்பகுதியைச் சந்தேகிக்கலாம். இதற்குத் துணையாக இன்னொரு சோதனை உண்டு. எப்போதாவது திரையில் கோடுகளோ புள்ளிகளோ தெரிந்தால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைக் கைப்பேசிக்கு அனுப்பிப் பாருங்கள். அந்தப் படத்திலும் கோடுகள் இருந்தால் அவை கணினிக்குள் உருவானவை. படம் சுத்தமாக இருந்தால் கிராபிக்ஸ் கார்டு படத்தைச் சரியாக வரைந்துவிட்டது, அதற்குப் பிறகு வழியில்தான் எங்கோ கெடுகிறது.

உங்கள் விஷயத்தில் கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன், காரணமும் சொல்கிறேன். 1987-இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்த விஜிஏ இணைப்பில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களும் தனித்தனிக் கம்பிகளில், முறையே 1, 2, 3 என்ற பின்களின் வழியாகச் செல்கின்றன. ஒளியில் சிவப்பும் பச்சையும் கலந்தால் மஞ்சள். ஆகவே திரை மஞ்சளாகிறது என்றால் நீலம் வந்து சேரவில்லை என்று பொருள். பச்சை விடுபட்டால் திரை கத்திரிப்பூ நிறம் கலந்த இளஞ்சிவப்பாகும். சிவப்பு விடுபட்டால் நீலப் பச்சையாகும். ஒரே ஒரு நிறம் மட்டும் போய்ப் போய் வருவது கிராபிக்ஸ் சிப் சாகும்போது காட்டும் அறிகுறி அல்ல; பெரும்பாலும் தளர்ந்த இணைப்பின் அறிகுறி.

கணினியையும் மானிட்டரையும் அணைத்துவிட்டு, இருபுறத் திருகுகளையும் கழற்றிக் கேபிளை எடுத்து, நல்ல வெளிச்சத்தில் அதன் முனையைப் பாருங்கள். வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசை பின்கள் இருக்கும். பல கேபிள்களில் நடு வரிசையில் ஒன்று தயாரிப்பிலேயே விடப்பட்டிருக்கும். அதை உடைந்ததாக எண்ண வேண்டாம். ஏதேனும் ஒரு பின் சாய்ந்து படுத்திருந்தால், மை தீர்ந்த ரீஃபில் குழாயையோ மெக்கானிக்கல் பென்சிலின் முனையையோ அதன்மேல் செருகி மெல்ல நிமிர்த்தலாம். இடுக்கியால் இழுத்தால் முறிந்துவிடும். பிறகு கேபிளைச் செருகி, இருபுறமும் திருகுகளை முழுதாக முடுக்கிவிட்டு, கணினி ஓடும்போதே முனைக்குச் சற்றுக் கீழே கேபிளின் கழுத்துப் பகுதியை லேசாக அசைத்துப் பாருங்கள். எங்கள் உறவினர் ஒருவரின் ஜெராக்ஸ் கடையில் மேசையைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவைத்திருந்ததால் அந்தக் கழுத்து ஆண்டுக்கணக்கில் மடிந்தே கிடந்து, உள்ளே கம்பி அறுந்திருந்தது. அசைத்தபோது வெள்ளையும் மஞ்சளுமாகத் திரை மாறி மாறி வந்தது. அங்கே வேறொரு கேபிள் போட்டதோடு சிக்கல் தீர்ந்தது. உங்கள் மானிட்டரில் கேபிள் கழற்ற முடியாதபடி உடலோடு இணைந்திருந்தால் மட்டும் மெக்கானிக்கிடம் போக வேண்டியிருக்கும்.

இனிக் காலை நேரக் கறுப்புத் திரை. இதில் மானிட்டரின் சிறு விளக்கைக் கவனிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். விளக்கு ஆரஞ்சு நிறத்துக்கு மாறினாலோ மின்னிக்கொண்டிருந்தாலோ கணினியிலிருந்து சமிக்ஞை வரவில்லை. விளக்கு வழக்கமான நிறத்திலேயே நிலையாக எரிய, திரை மட்டும் கறுப்பாக இருந்தால், அறை விளக்கை அணைத்துவிட்டு கைப்பேசியின் டார்ச்சைத் திரையின்மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் படம் வந்துகொண்டிருக்கிறது, பின்விளக்குதான் எரியவில்லை. எல்இடி பரவுவதற்கு முன் வந்த மானிட்டர்களில் பின்விளக்காக மெல்லிய குழல்விளக்குகள் இருந்தன. குழலோ அதை எரியவைக்கும், மானிட்டருக்குள்ளேயே இருக்கும் இன்வெர்ட்டர் என்ற சுற்றோ பழுதானால் படம் ஓரிரு வினாடி தெரிந்து உடனே கறுத்துவிடும், ஏனெனில் பாதுகாப்புச் சுற்று விளக்கை அணைத்துவிடுகிறது.

மானிட்டர் காலையில் பலமுறை அணைத்துப் போட்ட பிறகே வருகிறது, சூடேறிய பின் நாள் முழுக்க ஓடுகிறது என்றால் அதன் பவர் போர்டில் உள்ள கெப்பாசிட்டர்களை, அதாவது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சிறு உருளைகளை, மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல நிலையில் உள்ள கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும். அந்தத் தலையில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் போட்டிருப்பதே உள்ளே அழுத்தம் கூடும்போது அது அங்கே திறந்துகொள்ளட்டும் என்பதற்காகத்தான். கெட்டுப்போனதில் அந்த இடம் உப்பியிருக்கும், சிலவற்றில் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருக்கும். சிறிய விலைப் பொருள்தான், சால்டரிங் தெரிந்தவருக்குச் சிறிது நேர வேலை. ஆனால் மானிட்டரை நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். யாரேனும் இன்னும் பழைய குழாய் மானிட்டர் வைத்திருந்தால் அதற்குள் 20,000 வோல்ட்டுக்கு மேல் உண்டு. அதன் மூடியை அனுபவமுள்ள மெக்கானிக்கைத் தவிர எவரும் தொடக் கூடாது.

கணினியிலிருந்து சமிக்ஞையே வரவில்லை என்றால் ரேமிலிருந்து, அதாவது கணினியின் தற்காலிக நினைவகப் பட்டையிலிருந்து, தொடங்குங்கள். பழைய கணினிகளில், அதிலும் கடலோர ஊர்களின் ஈரக் காற்றில், ரேமின் தொடுபட்டைகளில் படலம் படிவதால் கணினி கிளம்பாமல் நிற்பது மிகவும் சாதாரணம். பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, பவர் பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடித்து மீதி மின்சாரத்தை வடியவிட்டு, கேபினட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொண்டு, ரேமை எடுத்து அதன் பொன்னிறப் பட்டைகளைப் பென்சில் அழிக்கும் மென்மையான ரப்பரால் லேசாகத் தேயுங்கள். துகள்களைத் தூரிகையால் தட்டிவிடுங்கள்; வாயால் ஊதினால் எச்சில் ஈரம் ஸ்லாட்டுக்குள் போகும். திரும்பப் பொருத்தும்போது பக்கவாட்டுக் கிளிப் தானாக மூடிக்கொள்ளும் வரை அழுத்த வேண்டும். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கணினி எழுப்பும் பீப் ஒலியையும் கவனியுங்கள். கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளே பயாஸ்; அவார்டு, ஏஎம்ஐ என்பவை அதன் இரு வகைகள். அவார்டு பயாஸில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும், ஏஎம்ஐ பயாஸில் எட்டுக் குறுகிய ஒலிகளும் கிராபிக்ஸ் கோளாறைக் குறிக்கும். நாளும் நேரமும் அடிக்கடி பழைய தேதிக்குப் போய்விடுகிறதென்றால் மதர்போர்டில் (கணினியின் பாகங்கள் எல்லாம் பொருந்தும் முதன்மைப் பலகை) உள்ள சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.

கிராபிக்ஸ் கார்டைக் குற்றவாளியாக்கும் முன், பிராசஸரிலோ மதர்போர்டிலோ உள்ளமைந்த கிராபிக்ஸ் உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் கார்டைக் கழற்றிவிட்டு, கேபிளை மதர்போர்டின் போர்ட்டில் செருகிச் சில நாள் பயன்படுத்துங்கள். கோளாறு நின்றுவிட்டால் கார்டின்மேல் சந்தேகம் வலுக்கிறது. கார்டின் நினைவகமோ சிப்போ கெடும்போது வண்ணச் சதுரங்களும் புள்ளி வரிசைகளும் பயாஸ் திரையிலேயே தெரியத் தொடங்கும். அப்போது விண்டோஸை மறுபடி நிறுவிப் பயனில்லை. கார்டை அடுப்பிலோ ஹீட் கன்னிலோ சூடாக்கினால் பிழைக்கும் என்று காணொளிகளில் காட்டுகிறார்கள். அது நிலைப்பதில்லை, புகையும் நச்சுத்தன்மை கொண்டது. அதைச் செய்ய வேண்டாம். கேம் விளையாடும்போது மட்டும் திரை கறுக்கிறதென்றால் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைச் சோதிக்கச் சொல்லுங்கள்: 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 11.4-க்குக் கீழே போனால் அது அனுமதிக்கப்பட்ட 5 சதவீத எல்லையைத் தாண்டிவிட்டது.

மென்பொருள் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணினி கிளம்பும்போது நிறுவனச் சின்னம் தெளிவாகத் தெரிந்து, விண்டோஸ் ஏறிய பிறகு மட்டும் திரை கறுத்தால் டிரைவர் (விண்டோஸ் கிராபிக்ஸ் கார்டை இயக்க உதவும் மென்பொருள்) கோளாறாக இருக்கலாம். விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸ் 10-இல் கிராபிக்ஸ் டிரைவர் மீண்டும் தொடங்கும். அதிலும் சரியாகாவிட்டால் அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் நுழைந்து டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள். திரையில் அலையலையாக மங்கல் பட்டைகள் ஊர்ந்தால் வீட்டு எர்த் இணைப்பைப் பாருங்கள், கணினியையும் மானிட்டரையும் ஒரே பலகையின் மூன்று முனை பிளக்கில் இணையுங்கள்.

இத்தனையும் பார்த்து மானிட்டர்தான் போய்விட்டது என்று உறுதியானால், உதாரணமாகத் திரையில் மேலிருந்து கீழாக அசையாத ஒற்றைக் கோடு விழுந்து அது ஸ்கிரீன்ஷாட்டில் இல்லையென்றால், பழுதுபார்க்கச் செலவிடுவதைவிட வேறு மானிட்டர் வாங்குவதே மேல். வாங்குமுன் பின்புறப் போர்ட்டுகளைப் பார்த்துவிடுங்கள். உங்கள் கணினியில் விஜிஏ மட்டும் இருந்து, புது மானிட்டரில் எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால், வெறும் கேபிள் போதாது. அனலாக் சமிக்ஞையை டிஜிட்டலாக மாற்றும் சிப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். கடைகளில் அதிகம் கிடைப்பது இதற்கு நேர்மாறான, எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் வகை. அதைத் திருப்பிச் செருகினால் வேலை செய்யாது என்பதால், கணினி விஜிஏ, மானிட்டர் எச்டிஎம்ஐ என்று தெளிவாகச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.